குஞ்ஞாண்டியின் வளர்ச்சி அட்டை

மேலேப்பாறை பதினேழாம் நம்பர் அங்கன்வாடியின் வடக்குச் சுவரில் விரிசலைக் கண்ட அன்று விலாசினி டீச்சர் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டாள். அதைப் பற்றித் திட்ட அலுவலகத்துக்கு வெள்ளைத் தாளில் கடிதம் எழுதிவிட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக அதே வேலையில் இருக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது என்று நீங்கள் கேட்கலாம். பாவம், பயத்தில் எழுதினாள். ஜன்னலின் மேல் மூலையில் தொடங்கி, சுவரில் வரைந்திருந்த யானையின் முதுகைப் பிளந்துகொண்டு, விரிசல் உத்தரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. உத்தரத்துக்கு மேல் கான்கிரீட் கூரை. அதில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் காரை உதிர்ந்து துருக்கம்பி பல்லைக் காட்டியது. அதற்கு நேர் கீழே பாய் விரித்துப் பதினான்கு பிள்ளைகள் கஞ்சியும் பயறும் சாப்பிட்டார்கள். ஜூன் பிறந்தால் மழை வந்துவிடும், அதற்குள் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: “தாளில் ஏற்பதற்கில்லை. ஓமல் வழியாக அனுப்பவும்.”

ஓமல் என்பது போனில் இருக்கிற ஆப். பிள்ளைகள் வந்தது, தின்றது, தூங்கியது, வளர்ந்தது எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். விலாசினி அதைத் திறந்து கட்டிடம் என்ற பக்கத்துக்குப் போனாள். ‘நிலைமை: நன்று’ என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பூட்டுப் படம். போன வருஷம் யானையும் ரயிலும் சூரியனும் வரைந்து போட்டோ அனுப்பினபோது விழுந்த பூட்டு அது. வருகிற ஆகஸ்டில்தான் திறக்கும். யானை வரைந்த சுவர் ஒரு வருஷத்துக்குள் கெட்டுப்போகாது என்பது ஓமலின் நம்பிக்கை.

சூப்பர்வைசர் ஷீஜாவுக்குப் போன் போட்டாள்.

“மேடம், விரிசல்ல என் சுண்டுவிரல் போகுது.”

“போட்டோ எடுத்தீங்களா?”

“எடுத்தேன். அனுப்ப இடமில்ல.”

“இடமில்லன்னா அது இல்ல டீச்சரே. ஆப்ல இருக்கறதுதான் இருக்கு. நானே ஆப்ல இருக்கறதாலதான் எனக்குச் சம்பளம் வருது.”

“அப்ப சுவரு?”

“சுவரு நன்றுன்னுல்ல இருக்கு?”

விலாசினி போனைக் காதிலிருந்து எடுத்துச் சுவரைப் பார்த்தாள். சுவர் நன்றாக இல்லை. ஐந்து வயது ஐவின் அதற்குள் விரிசலுக்குப் பெயர் வைத்துவிட்டான். ஊரில் தென்னை ஏறுகிறவர் பெயர் குஞ்ஞாண்டி. முட்டியை மடக்கி மடக்கி அவர் ஏறுகிற மாதிரியே விரிசலும் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது.

“டீச்சரே, குஞ்ஞாண்டி இன்னைக்குக் கொஞ்சம் ஏறியிருக்காரு.”

“ஆமாண்டா.”

“மேல போய்ட்டா தேங்காய் போடுவாருல்ல? நாம தள்ளி உக்காரணும்ல?”

விலாசினி அன்றே பாயை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். மறுநாள் காலை பிள்ளைகளையும் பாயையும் அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கபீர் இக்காவின் கார் போர்ச்சுக்குப் போனாள். கபீர் இக்கா முகம் சுளிக்காமல் காரை எடுத்து ரோட்டோரம் விட்டார். பத்து மணிக்கு வருகைப் பதிவு போட ஓமலைத் திறந்தாள். “நீங்கள் மையத்திலிருந்து அறுபத்திரண்டு மீட்டர் விலகி இருக்கிறீர்கள். இன்று மையம் மூடப்பட்டதாகக் கொள்ளப்படும்” என்றது அது. இப்படி மூன்று நாள். நாலாம் நாள் முட்டை வரவில்லை. மூடிக் கிடக்கிற அங்கன்வாடிக்கு யார் முட்டை அனுப்புவார்கள்? ஐந்தாம் நாள் அவளிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அது மட்டும் தாளில் வந்தது.

அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். பத்து மணிக்குப் பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போய், சுவரோரம் நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் படம் பிடித்து, பச்சை டிக் விழுந்ததும் வெளியே ஓட்டிக்கொண்டு வருவது. ஆயம்மா ஏலியாம்மா கதவருகே நின்று மேலேயே பார்த்துக்கொண்டு, “கர்த்தாவே, ஒன்பது... கர்த்தாவே, பத்து...” என்று எண்ணுவாள். சிக்னல் நன்றாக இருந்தால் ஆறு நிமிஷத்தில் முடியும். தினமும் ஆறு நிமிஷம் மட்டும் சாகத் தயாராக இருந்தால் போதும் என்ற நிலைக்கு மேலேப்பாறைப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

அதுவும் ஏப்ரல் வரைதான். ஏப்ரலில் ‘வேனல் மகிழ்ச்சி’ என்ற சுற்றறிக்கை வந்தது. கோடைக் காலத்தில் பிள்ளைகளும் ஊரும் ஒன்றுகூடி மகிழ வேண்டும். நாற்பது நாள், நாற்பது நிகழ்ச்சி. வெயில் கொடுமை காரணமாகப் பதினொன்றிலிருந்து மூன்று வரை எந்தப் பிள்ளையும் கூரைக்கு வெளியே இருக்கக் கூடாது. மணிக்கு ஒரு போட்டோ. நிகழ்ச்சி மையத்துக்குள்தான் நடந்தது என்பதற்குச் சாட்சியாகச் சுவர் யானை ஒவ்வொரு போட்டோவிலும் தெரிய வேண்டும்.

மாம்பழ நாள் நடந்தது. கை கழுவும் விழா நடந்தது. அப்பாக்கள் நாளில் அப்பாக்கள் வந்து கைகட்டி நின்றார்கள். பதினோராம் நாள் ‘ஊர் கூடிச் சிரிக்கும் நாள்’. குறைந்தது இருபத்தைந்து பேர் சிரிக்க வேண்டும், பல் தெரிய வேண்டும் என்று குறிப்பு. அந்தச் சின்ன ஹாலில் முப்பது பேரை அடைத்து விலாசினி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றாள். ஊரே ஹா ஹா என்று சிரித்தது. சிரிப்பு அதிர்ந்ததோ என்னவோ, கூரையிலிருந்து உள்ளங்கை அகலக் காரை ஒன்று பெயர்ந்து கபீர் இக்காவின் தொப்பியில் விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

“டீச்சரே, இதென்ன, பூ தூவுற ஏற்பாடா?” என்றார் கபீர் இக்கா.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் போட்டோ அதற்கு முன்பே போய்விட்டது. “சிரிப்பு: இருபத்தெட்டு. நிகழ்ச்சி வெற்றி” என்று ஓமல் பாராட்டியது.

அந்த வாரம்தான் தன்மயா சிவப்பானாள். அம்மை போட்டுப் படுத்து எழுந்ததில் குழந்தைக்கு ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. விலாசினி எடையை ஏற்றின உடனே அவள் வளர்ச்சி அட்டை முழுக்கச் சிவந்து போயிற்று. “மூன்று நாட்களுக்குள் குழு நேரில் வரும்” என்றது ஓமல். வந்தது! சொன்னபடி மூன்றாம் நாள் ஜீப்பில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். குழந்தையை எடை போட்டார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், ஏலியாம்மா போட்ட தேநீரைக் குடித்தார்கள்.

“சார், கொஞ்சம் மேல பாருங்க” என்றாள் விலாசினி.

குழுத் தலைவர் மேலே பார்க்காமல் தன் தாளைப் பார்த்தார். “நாங்க தன்மயாவுக்காக வந்தோம் டீச்சர். இதுல சுவரு இல்ல.”

“இங்கேதான் சார் இருக்கு. கையெட்டுற தூரம்.”

“அதைப் பாக்கறதுக்கு வேற குழு.”

“அவங்க எப்ப வருவாங்க?”

“சுவருக்குச் சிவப்பு விழுந்தா வருவாங்க.”

ஜீப் போன பிறகு விலாசினி வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து பிள்ளைகளின் உயரம் அளக்கிற டேப்பை எடுத்து வந்தாள்.

“என்ன டீச்சரே, யாரை அளக்கப் போற?” என்றாள் ஏலியாம்மா.

“குஞ்ஞாண்டியை.”

ஸ்டூல் போட்டு ஏறி அளந்தாள். தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினாள். இதுவரை உதிர்ந்த காரையை ஏலியாம்மா பெருக்கி ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தாள். அதைக் குழந்தைகள் தொங்குகிற தராசில் மாட்டினாள். பதினோரு கிலோ இருநூறு கிராம். வளர்கிற ஒன்றைக் கண்டால் அளந்து, நிறுத்து, பதிவு செய்வது தவிர வேறு எதுவும் அந்தத் துறை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

‘புதிய குழந்தை’ என்ற பொத்தானை அழுத்தினாள்.

பெயர்: குஞ்ஞாண்டி. பால்: ஆண். காப்பாளர் பெயர் என்ற கட்டம் வந்ததும் விரல் நின்றது. அதைக் காலியாக விட ஓமல் சம்மதிக்காது. இந்தச் சுவருக்கு யார் பொறுப்பு என்று யோசித்தாள். கட்டிடம், சுற்றுவட்டார அங்கன்வாடிகளை எல்லாம் நடத்துகிற திட்ட அலுவலகத்துக்குச் சொந்தம். அலுவலகத்துக்குத் தலைவர் திட்ட அதிகாரி விஸ்வம்பரன். அவர் பெயரைப் போட்டு, அவருடைய நம்பரையே போட்டாள்.

“ஐயோ, உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?” ஏலியாம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “அந்த மனுசன் கண்டுபுடிச்சா?”

“கண்டுபுடிச்சா நல்லதாப் போச்சு. வந்து பாப்பாருல்ல?”

காப்பாளர் போனுக்கு ஓ.டி.பி. போயிருக்கும். அவருக்குப் போன் செய்தாள். “சார், பதினேழாம் நம்பர் டீச்சர் பேசறேன். ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும்...”

“எழுபத்தொண்ணு அம்பத்தாறு” என்றார் விஸ்வம்பரன், எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. “கேட்டா உடனே கொடுக்கணும் டீச்சர். அதுக்குப் பேருதான் ஒத்துழைப்பு. வேற ஒண்ணுமில்லையே?”

“வந்து... இந்தச் சுவரு...”

அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது முகம். முகம் பதியாமல் எந்தக் குழந்தையும் குழந்தை ஆகாது. பழனியில் மொட்டை போட்டு வந்த தன்மயாவை, “இது அந்தக் குழந்தை இல்லை” என்று ஓமல் ஒரு வாரமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் பங்கு முட்டை நின்றுபோய், விலாசினி வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். இதில் சுவரா தேறப்போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் போனைத் தூக்கினாள். பழைய காலண்டர் மாட்டின ஆணி ஓட்டை இரண்டு, நடுவில் காரை பெயர்ந்த மேடு, அடியில் கொஞ்சம் வளைந்து போகிற விரிசல். வட்டம் ஒருமுறை சுற்றியது.

“முகம் ஏற்கப்பட்டது. நல்வரவு, குஞ்ஞாண்டி.”

ஏலியாம்மாவும் விலாசினியும் சுவரைப் பார்த்தார்கள். அதுவரை அங்கே முகம் எதுவும் தெரிந்ததில்லை. அதற்குப் பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

அவள் போட்ட கணக்கு இதுதான். விரிசல் வளர்கிற வேகத்தில் எந்தக் குழந்தையும் வளராது. அடுத்த வியாழக்கிழமை அளவை ஏற்றினால் ஓமல் பதறிச் சிவப்பாகும், குழு வரும், குழந்தையைக் காட்டு என்பார்கள், காட்டலாம். வியாழக்கிழமை வந்தது. நூறு சென்டிமீட்டர், பன்னிரண்டு கிலோ. அழுத்தினாள். திரை முழுக்கப் பச்சை. ஒரு பலூன் வேறு பறந்தது. வளர்வதில் ஓமலுக்கு என்ன ஆட்சேபம்? குறைந்தால்தான் அது கவலைப்படும். மதியம் பன்னிரண்டு மணிக்குக் காப்பாளர் போனுக்கு வாழ்த்துச் செய்தி போயிற்று.

“அப்ப குறைச்சுப் போடு” என்றாள் ஏலியாம்மா.

பொய்க் கணக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் பதினான்கு பிள்ளைகளை நினைத்துக்கொண்டு அடுத்த வாரம் எடையைப் பாதியாக்கிப் போட்டாள். குறைவைப் பதிவு செய்யக் காப்பாளரின் ஓ.டி.பி. வேண்டும் என்றது ஓமல். மறுபடியும் விஸ்வம்பரனுக்குப் போன்.

“எதுக்கு?” இந்தத் தடவை கேட்டார்.

“ஒரு குழந்தைக்கு எடை குறையுது சார்.”

“டீச்சர், வேனல் மகிழ்ச்சி நடக்குது. இப்பத்தான் ஒரு பொண்ணு இறங்கினா, எனக்கு மேலிடத்துல எவ்வளவு சங்கடம் தெரியுமா? ஜூன் வரைக்கும் என் திட்டத்துல ஒரு குழந்தையும் இறங்கக் கூடாது. எல்லாரும் ஏறட்டும்.”

“ஏறிக்கிட்டுத்தான் சார் இருக்கு. அதான் பயமா இருக்கு.”

“ஏறினா சந்தோஷப்படணும். நல்ல டீச்சர்!” என்று சொல்லி வைத்துவிட்டார்.

குஞ்ஞாண்டி ஏறினான். நூற்றெட்டு, நூற்றுப் பதினாறு, நூற்றிருபத்தைந்து. பென்சில் கோடுகள் யானையின் முதுகுக்கு மேல் ஏணிப்படி மாதிரி நின்றன. மாலையில் எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்தும்போது சுவருக்குள் யாரோ விரல் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். ஏலியாம்மா பெருக்குவதற்குக்கூடத் தனியாக உள்ளே போக மாட்டேன் என்றாள். அதே நேரத்தில் குஞ்ஞாண்டியின் பெயரில் சத்துமாவுப் பாக்கெட்டுகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அதைக் காய்ச்சித் தன்மயாவுக்குக் கொடுத்தாள் விலாசினி.

மே கடைசியில் ஷீஜா போன் செய்தாள். குரலில் குதூகலம்.

“டீச்சரே, அடிச்சீங்க பாருங்க! திட்டத்துலயே சிறந்த வளர்ச்சி உங்க பையன் குஞ்ஞாண்டிதான். ஜூன் முதல் வியாழன் புதுப் பிள்ளைங்களை வரவேற்கற பிரவேச விழா. சாரே நேரா வந்து பாராட்டுப் பத்திரம் கொடுக்கறாரு.”

“மேடம், அது பையன் இல்ல.”

“பொண்ணா? திருத்திடலாம்.”

“சுவர்ல இருக்கற விரிசல்.”

ஷீஜா மெதுவாக, “டெலிட் பண்ண முடியாது” என்றாள். “செத்தாச்சுன்னு போடணும், இல்லேன்னா ஊரை விட்டுப் போயாச்சுன்னு போடணும். செத்துதுன்னா விசாரணை வரும். போயிடுச்சுன்னா அந்த ஊரு அங்கன்வாடி ஏத்துக்கணும். எந்த மடச்சி ஏத்துக்குவா? டீச்சரே, வேற ஏதாவது ஒரு பையனைப் புடிச்சு நிறுத்துங்க. கொஞ்சம் குண்டா.”

“நிறுத்த மாட்டேன். அவரு வரட்டும். வந்து கண்ணால பாக்கட்டும். இதுக்குத்தானே நான் இவ்வளவும் பண்ணேன்?”

“என் வேலையும் போயிடும் டீச்சரே” என்று ஷீஜா அழ ஆரம்பித்தாள். விலாசினிக்கும் அழுகை வந்தது. ஆனால் அவர் வருகிறார் என்ற ஒரு நிம்மதி உள்ளே இருந்தது. கண் இருக்கிற மனுஷன், தலையைத் தூக்கினால் தெரியாமலா போகும்?

வியாழக்கிழமை விடியும்போதே மழை. ஒன்பது மணிக்கு அவள் ஸ்டூலில் ஏறி அளந்தாள். நூற்றைம்பத்தாறு. குஞ்ஞாண்டி உத்தரத்தைத் தொட்டு, அதன் அடிப்பக்கத்திலும் ஒரு சாண் போயிருந்தான். விரிசலுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. அளவை ஓமலில் ஏற்றினாள். பச்சை, பலூன்.

பத்தரைக்கு ஜீப் வந்தது. முதலில் இறங்கியது ஒரு ஃபிளெக்ஸ் பேனர். பியூன் அதை உள்ளே கொண்டுபோய் வடக்குச் சுவர் முழுக்கக் கட்டினான். யானை மறைந்தது, பென்சில் கோடுகள் மறைந்தன, விரிசல் மறைந்தது. அதற்குப் பதில் சிரித்த முகத்துடன் விஸ்வம்பரன் தெரிந்தார்.

“பேனரோட மேல் பக்கத்தைக் கொஞ்சம் மடிச்சுக் கட்டலாமா?” விலாசினி கெஞ்சினாள்.

“சாரோட நெத்தி மடங்கிடும்” என்றான் பியூன்.

பிறகு நிஜமான விஸ்வம்பரன் வந்தார். காகிதக் கிரீடம் வைத்த பதினான்கு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அம்மாக்களும் கபீர் இக்காவும். ஷீஜா மூலையில் வெளிறிப்போய் நின்றாள். மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவர் பேச ஆரம்பித்தார்.

“அன்பான தாய்மார்களே! என் திட்டத்துல நூத்து நாப்பது அங்கன்வாடி. நூத்து நாப்பதும் நல்ல நிலையில இருக்கு. எப்படித் தெரியும்னு கேப்பீங்க. நான் ஒண்ணுக்கும் போய்ப் பாத்ததில்ல! போக வேண்டிய தேவையே வரல. அதுதான் சாதனை. முன்னெல்லாம் புகார் வரும். மூட்டை மூட்டையா வரும். புகார் எழுதற இடத்தை எடுத்தோம், குறை தீர்ந்துடுச்சு.”

மேலே எங்கோ ஒரு சொடுக்கு கேட்டது. பேனருக்குப் பின்னாலிருந்து மணல் சரசரவென்று இறங்கியது.

“குழந்தைகளை நான் என் குழந்தையாத்தான் நினைக்கறேன். சொன்னா நம்ப மாட்டீங்க, வியாழக்கிழமை ஆனா என் போனுக்கே செய்தி வருது, உங்க குழந்தை நல்லா வளருதுன்னு. என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு!” சிரித்தார். “ஆனா நான் அதை நிறுத்தல. நல்ல செய்திதானே, வரட்டுமே. இப்ப அந்தப் பத்திரத்தை மாட்டிடலாம். சிறந்த குழந்தையோட பேர் இந்தச் சுவர்லயே இருக்கணும்.”

பியூன் சுத்தியும் ஆணியும் எடுத்தான். பேனருக்கு மேலே, உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே, ஆணியை வைத்தான்.

“வேண்டாம்!” என்றாள் விலாசினி. யாருக்கும் கேட்கவில்லை. முதல் அடி விழுந்தது. ஐவினின் கிரீடத்தில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

“டீச்சரே,” ஐவின் மேலே பார்த்துச் சொன்னான். “குஞ்ஞாண்டி உச்சிக்குப் போயிட்டாரு போல.”

அவ்வளவுதான். விலாசினிக்கு அதிகாரியும் மறந்தது, மெமோவும் மறந்தது. நடுவில் போய் நின்று கையைத் தட்டினாள். “ரயில் வண்டி!”

வேனல் மகிழ்ச்சியின் பதினாறாம் நாள் விளையாட்டு அது. பிள்ளைகளுக்கு அத்துப்படி. ஐவின் இன்ஜின். அவன் சட்டையைத் தன்மயா பிடித்தாள், அவள் பாவாடையை அடுத்தவன் பிடித்தான், பதினான்கு பெட்டியும் கூவிக்கொண்டு கதவைத் தாண்டி மழைக்குள் ஓடியது. கடைசிப் பெட்டியை ஏலியாம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பிள்ளை நனைகிறது என்று அம்மாக்கள் குடையோடு பின்னால் ஓடினார்கள். கபீர் இக்கா போர்ச்சிலிருந்து காரைத் தள்ள ஓடினார்.

“இதென்ன ஒழுங்கீனம்!” விஸ்வம்பரனின் முகம் சிவந்தது. “மையத்துக்கு வெளியில கொண்டு போறீங்களா? வருகை என்ன ஆகும்?”

“சார், நீங்களும் வாங்க! கும்பிட்டுக் கேக்கறேன், வெளிய வாங்க!”

“குஞ்ஞாண்டி இல்லாம நான் போட்டோ எடுக்க முடியாது. எங்கே அந்தப் பையன்? அவனையும் ஓட்டிட்டாளா இவ?” பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குழந்தையைத் தேடி அவர் படியிறங்கினார். அவர் நனையக் கூடாதே என்று பியூன் சுத்தியைப் போட்டுவிட்டுக் குடையோடு ஓடினான். ஷீஜா அதற்கு முன்பே ரோட்டில் இருந்தாள்.

அவர் கபீர் இக்காவின் கேட்டைத் தொட்டபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய இடி மாதிரி எல்லாம் இல்லை. யாரோ நிறைய நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்ட மாதிரி இருந்தது. வடக்குச் சுவர் முட்டியை மடக்கி உட்கார்ந்தது, உத்தரம் அதன் மேல் சாய்ந்தது, கூரை அப்படியே இறங்கிப் பாய் விரித்திருந்த இடத்தில் படுத்துக்கொண்டது. கிழிந்த பேனரில் விஸ்வம்பரனின் நெற்றி மட்டும் வெளியே தெரிந்தது.

போர்ச்சில் ஐவின், “தேங்காய் விழுந்துடுச்சு” என்றான்.

விஸ்வம்பரன் பிள்ளைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். “பதினாலு. ரெஜிஸ்டர்ல பதினஞ்சுல்ல?” குரல் கிறீச்சிட்டது. “ஐயோ! ஒரு குழந்தை உள்ளே இருக்கு! குஞ்ஞாண்டி உள்ளே இருக்கான்!”

கொட்டுகிற மழையில் அந்த மனிதர் ஓடினார். வெறுங்கையால் கல்லைப் புரட்டினார், சட்டை கிழிந்தது, முழங்கையில் ரத்தம் வந்தது. “குஞ்ஞாண்டி! மோனே!” என்று கூப்பிட்டார். பொய்யில்லை, நிஜமாகவே அழுதார். பதினான்கு குழந்தைகளுக்காகப் மூன்று மாதமாக மேலே பார்க்காதவர், பட்டியலில் மட்டும் இருந்த ஒரு குழந்தைக்காக அழுவதை விலாசினி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கிட்டே போய் அவர் கையைப் பிடித்தாள். “விடுங்க சார். உள்ளே யாருமில்ல. குஞ்ஞாண்டின்னா அந்தச் சுவர்ல இருந்த விரிசல். நான்தான் பதிஞ்சேன்.”

வாராவாரம் கையால் எழுதி இடுப்பில் செருகியிருந்த வளர்ச்சி அட்டையை நீட்டினாள். அவர் நனைந்த கண்ணால் வாசித்தார். தேதி, நீளம், எடை. காப்பாளர் என்ற கட்டத்தில் தன் பெயரையும் வாசித்தார்.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொன்னேன் சார். முதல்ல தாள்ல சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் சொன்னேன்.”

சரியாகப் பன்னிரண்டு மணி. விஸ்வம்பரனின் சட்டைப் பையில் போன் மணியடித்தது. பழக்கத்தில் எடுத்துப் பார்த்தார். பச்சைத் திரையில் பலூன் ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது.

“வாழ்த்துகள்! உங்கள் குழந்தை குஞ்ஞாண்டி இந்த வாரம் மிக நன்றாக வளர்ந்திருக்கிறான்.”

அடியில் ‘பார்த்தேன், மகிழ்ச்சி’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தாமல் அந்தச் செய்தி போகாது. சிமென்ட் படிந்த கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு விஸ்வம்பரன் அதை அழுத்தினார்.